முதல் மூன்று சக்கர வண்டிக்கு ஹோண்டா 250ஆர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மண்பாதை வண்டிகள் பற்றிய கட்டுரை படித்தேன். மூன்று சக்கரம் இருப்பதால் புதியவர்களுக்குச் சுலபம் என்று எழுதியிருக்கிறார்கள். மிச்சிகனில் ஏடிசி என்கிற பழைய ஹோண்டா மூன்று சக்கர வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான். இதை ஏற்க முடியவில்லை.

திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இதன் பின் அச்சில் கிடையாது, இரண்டும் சேர்ந்தேதான் சுற்றும். ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி பாட்டுக்கு நேராகவே போகும். உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியை அழுத்த வேண்டும். பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினீர்களோ, பின் டயர் அதன் மேலேயே ஏறிவிடும்.

அமெரிக்க அரசும் தயாரிப்பாளர்களும் 1988இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையோடு இங்கே புது மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றுபோனது. ஆகவே பழையதுதான் கிடைக்கும். முதலில் ஏடிசி 110 பாருங்கள். கிளட்ச் லீவர் இல்லை, வேகமும் அடக்கம். சஸ்பென்ஷனும் இல்லைதான், பலூன் டயர் கொஞ்சம் தாங்கும், மிச்சத்தை உங்கள் இடுப்பு தாங்கும். சாமான் ஏற்ற வேண்டுமென்றால் ஹோண்டாவின் பிக் ரெட் என்கிற ரகம் சரி. வாங்குமுன் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கட்டுரையில் படம் போட்டிருந்த 250ஆர் டூ ஸ்ட்ரோக் பந்தய ரகம். அதை ஓட்டியவர் தலையில் ஹெல்மெட்கூட இல்லை. அடுத்த முறை வேறு படம் போடுங்கள்.

– ஒரு வாசகர், மிச்சிகன்