தீபாவளிக் கடனும் 'குறைந்தபட்சத் தொகை'யும்

ஆசிரியருக்கு,

தீபாவளிக்குக் கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு, மறுமாதம் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டுவதே குடும்பங்களை முடக்குகிறது. 20,000 ரூபாய் பில்லில் 1,000 கட்டினால், மீதி 19,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 665 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஏறக்குறைய 785. அடுத்து கட்டும் ஆயிரத்தில் அசலுக்குப் போவது இருநூறு சொச்சம்தான். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: பாக்கி நிற்கும்வரை அதே அட்டையில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். பழைய பாக்கி தீரும்வரை அந்த அட்டையைத் தொடவே கூடாது. போனஸ் வந்தால் முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள், பட்டாசு பிறகு.

பதிவு பெறாத தீபாவளிச் சீட்டைவிட, மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கும் வங்கி ஆர்.டி. (தொடர் வைப்பு) பாதுகாப்பானது. செப்டம்பரில் மாதம் 1,000 வீதம் 12 மாதக் கணக்குத் தொடங்கினால், அடுத்த செப்டம்பரில் 12,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். பண்டிகை முடிந்தபின் தொடங்கினால், மறு தீபாவளி முந்திக்கொள்ளும்போது பணம் உதவாது. அஞ்சலக ஆர்.டி.க்கு ஐந்தாண்டு தவணை என்பதால் இதற்குப் பொருந்தாது.

– வாசகர், ஈரோடு