உயர் மின்னழுத்த வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்குப் பேட்டையில் பயிற்சிக் களம் அமைத்துத் தரக் கோரி மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர், வள்ளியூர்,
திருநெல்வேலி மாவட்டம்
(வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வட்டார மின் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார் சார்பாக)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி

பொருள்: 11 கே.வி. (11,000 வோல்ட்), 33 கே.வி. (33,000 வோல்ட்) மின்பாதைகளிலும் காற்றாலை, சூரியமின் யார்டுகளிலும் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் செயல்முறைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலைய வளாகத்தில், மின்சாரம் கொடுக்கப்படாத ஒரு உயர் மின்னழுத்தப் பயிற்சிக் களத்தை அமைத்துத் தர வேண்டும். அதில் பழகித் தேறியவர்களை மட்டுமே ஒப்பந்தக்காரர்கள் எச்.டி. (உயர் மின்னழுத்த) வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை கொண்டுவர வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத்தான் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இந்த மனுவைத் தங்களிடம் கொடுக்கிறோம்.

நம்முடைய சீமைக்கு மின்சாரம் புதிதில்லை. பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. இன்று கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலைகள் இருக்கின்றன. பணகுடி, பழவூர், ராதாபுரம் பக்கம் எங்கே நின்று பார்த்தாலும் காற்றாலைதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது என்றால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இவ்வளவையும் ஓட்டுவதற்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருக்கின்றன. வாரியத்தின் நிரந்தரப் பணியாளர்கள் போக, மிச்ச வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலையில்தான் விடிகிறது.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட எலக்ட்ரீசியன் படிப்பு முடித்தவர்கள். படிப்பைக் குறை சொல்லவில்லை. மோட்டார், ஸ்டார்ட்டர், வீட்டு ஒயரிங், 415 வோல்ட் பேனல் எல்லாம் நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். கம்பத்தின் மேலே பிளேடுகளைத் திறந்து லைனைப் பிரிக்கும் 11,000 வோல்ட் ஏ.பி. சுவிட்சை மட்டும் சுவரில் தொங்கும் படத்தில் பார்த்திருப்பார்கள். மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் பெரும்பாலும் ஒயரிங் வேலையை மனதில் வைத்தே நடக்கிறது. வேலையில் சேர்ந்த வாரமே, கூடப்போன அண்ணன் செய்வதைப் பார்த்துக்கொள் என்று சொல்லி டூ போல் ஸ்ட்ரக்சரில் (இரட்டைக் கம்ப அமைப்பில்) ஏற்றிவிடுகிறார்கள். அந்த அண்ணனும் இன்னொரு அண்ணனைப் பார்த்துப் பழகியவர்தான்.

எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதவில்லை. ஒருவர் மேல் புகார் சொல்வது எங்கள் நோக்கமில்லை. காற்று சீசனுக்கு முந்தைய பராமரிப்பு வேலை. ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். "ஆஃப் பண்ணியாச்சு, ஏறலாம்" என்று செல்போனில் சொன்னதை வைத்து ஏறினான். கீழே ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இறக்கியது உண்மைதான். மேலே மூன்று பிளேடுகளில் இரண்டு திறந்துகொண்டன. துருப்பிடித்த மூன்றாவது, அசையாமல் அப்படியே நின்றிருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நிறுத்திய லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு வண்டிக்குள்ளேயே கிடந்தது. உயிர் பிழைத்தான், வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அவன் அம்மா இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இது விதி என்று விட்டுவிடக்கூடிய விஷயமில்லை, ஐயா. இந்த வேலையில் செய்ய வேண்டியவை நன்றாகத் தெரிந்தவை. முதலில் லோடைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்க வேண்டும், ஏ.பி. சுவிட்ச் அதற்குப் பிறகுதான். லோடு ஓடும்போதே ஏ.பி. சுவிட்சை இழுத்தால், பிளேடுக்கும் காண்டாக்டுக்கும் நடுவில் ஆர்க் (மின்தீப்பொறி) நீண்டு நின்று ஆளைக் கருக்கிவிடும். பிறகு மூன்று பிளேடும் திறந்ததா என்று கண்ணால் பார்த்து, கைப்பிடியைப் பூட்டி, சாவியை ஏறுகிறவன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, லைனில் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டிடெக்டர். அதைக்கூட முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லைனில் வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த டிடெக்டரும் மின்சாரம் இல்லாத லைனும் ஒரே மாதிரிதான் மௌனமாக இருக்கும்.

எர்த் ராடு போடுவதில் வரிசைதான் உயிர். முதலில் எர்த் முனையைத் தரையில் உள்ள எர்த் பைப்பில் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நேர் எதிர்: கம்பியில் இருந்து முதலில் எடுத்துவிட்டுக் கடைசியில்தான் தரை முனை. வரிசை மாறினால், லைனில் தங்கியிருக்கும் மின்சாரம் ராடைப் பிடித்திருக்கிறவன் உடம்பு வழியாக இறங்க வழி தேடும். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் செய்ய வேண்டும். நம் பக்கம் ஒரே வழித்தடத்தில் பல லைன்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. நிறுத்தி வைத்த லைனிலும் பக்கத்து லைனின் தூண்டலால் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறியிருக்கும். காற்றாலைக் கன்வெர்ட்டர் பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரும் சுவிட்சை அணைத்த உடனே காலியாகிவிடாது. குறித்த நிமிடங்கள் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து வீடுகளில் இருந்தும் கல்யாண மண்டபங்களில் இருந்தும் வருகிறது. டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். லைன் நின்றதும் மண்டபத்தில் ஜெனரேட்டரை ஓட்டி, ஜெனரேட்டரையும் லைனையும் சேரவிடாமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக உள்ளே கொடுத்தால், அந்த 415 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்பக்கமாகப் போய் மேலே 11,000 வோல்ட்டாக வெளியே வரும். மேலே ஏறியிருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? 2024-இல் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்த பிறகு மாடிகளில் சோலார் பேனல்கள் பெருகிவருகின்றன. லைன் நின்றால் அந்த இன்வெர்ட்டர்களும் தாமாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நின்றிருக்கும் என்று நம்பி ஏறக்கூடாது. டிடெக்டர் வைத்துப் பார்த்து, எர்த் செய்துவிட்டு ஏற வேண்டும். சோலார் பெருகப் பெருக இந்தப் பழக்கம் இன்னும் கட்டாயமாகிறது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பில் எழுதி வாங்கினால் நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் உச்சி வெயிலில், சூப்பர்வைசர் கீழே நின்று அவசரப்படுத்தும்போது, கை தானாக எர்த் முனையைத் தேடிப் போக வேண்டுமென்றால் அந்தக் கை நூறு தடவை அதைச் செய்திருக்க வேண்டும். உயிர் போகாத இடத்தில் அந்த நூறு தடவையும் நடக்கட்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ரப்பர் கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 11 கே.வி. வேலைக்கு அந்த அழுத்தத்துக்குரிய வகுப்பில் ஐ.எஸ். 4770 தரக் கையுறை வேண்டும். போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கம் இருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரல்களில் திரண்டு நிற்கும். கன்னத்தருகில் வைத்து மெல்ல அழுத்தினால், ஊசித் துளை இருந்தால்கூடக் காற்று இறங்குவது தெரியும். இதைச் செய்ய அரை நிமிடம் ஆகாது. நான் விசாரித்த வரைக்கும் நம் பக்கத்துப் பையன்களில் பலருக்கு இப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியவில்லை. சிலருக்குக் கையுறையே கொடுக்கப்படுவதில்லை. கொடுத்தாலும், லைனை நிறுத்தாமல் கையுறையை மட்டும் நம்பி வேலை பார்க்கச் சொல்லக்கூடாது.

அடிபட்டவனைக் காப்பாற்றுவதும் பயிற்சியில் கட்டாயம் சேர வேண்டும். கூட நிற்பவன் பதறிப்போய்த் தொடுகிறான். இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். முதலில் லைன் நின்றதா என்று உறுதி செய்ய வேண்டும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் நெருங்கக்கூடாது. ஏற்கெனவே பக்கத்தில் நிற்பவர், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துத் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். கம்பத்தின் மேல் பெல்ட்டில் தொங்குகிறவனைக் கயிறு கட்டி எப்படி இறக்குவது, கீழே வந்ததும் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை எப்படி அழுத்துவது என்பதைப் பொம்மையில் பழக வேண்டும். ராதாபுரத்தில் இருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு வர ஆம்புலன்சுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். இதயம் நின்றவனுக்கு அந்த முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் கையில்தான் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தாங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கம்பங்கள் சாய்ந்து கிடந்த இடங்களில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று லைனைச் சரிசெய்தவர்களை நாங்கள் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஃபீடர் (மின்பாதை) எங்கே இருந்து வருகிறது, யார் எதை நிறுத்தினார்கள் என்ற கணக்கு குழம்பிப் போகும். லைனை நிறுத்தியாயிற்று, வேலை பார்க்கலாம் என்ற அனுமதியான லைன் கிளியரை ஏட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்து, வேலை முடிந்து ஆட்கள் இறங்கியதை எண்ணிப் பார்த்துத் திரும்பக் கொடுக்கும் வழக்கம் அன்றாடம் ஊறியிருந்தால்தான் வெள்ளத்திலும் நிற்கும்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வகுத்தது. 2023-இல் அவற்றைப் புதுப்பித்தது. தகுதியும் பயிற்சியும் உள்ளவர்களைக் கொண்டே மின் அமைப்புகளை இயக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். காகிதத்தில் உள்ளதைக் களத்துக்குக் கொண்டுவர ஒரு இடம் இல்லை என்பதுதான் குறை.

அந்த இடத்துக்குப் பெரிய செலவு ஆகாது என்று அனுபவத்தில் சொல்கிறேன். நான்கைந்து கம்பங்கள், ஒரு டூ போல் ஸ்ட்ரக்சர், இரண்டு ஏ.பி. சுவிட்ச், எச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸ் செட், ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு பழைய வி.சி.பி. (வேக்குவம் பிரேக்கர்) பேனல் போதும். துணை மின்நிலையங்களில் இருந்து கழித்துக் கட்டிய பொருள்களில் இவற்றைத் தேடி எடுக்கலாம். மின்சாரம் வேண்டாம். புதிதாக வாங்க வேண்டியவை கையுறை, ஹெல்மெட், பெல்ட், டிடெக்டர், எர்த் ராடு, பூட்டு, முதலுதவிப் பொம்மை ஆகியவைதாம். காற்றாலை, சூரியமின் நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்பு நிதியில் இவற்றைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் போனால் நடக்கும். சொல்லிக் கொடுக்க, ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சம்பளம் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம்.

பயிற்சி முழுக்கத் தமிழில் நடக்க வேண்டும். வெளிநாட்டுக் காற்றாலைகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; எச்சரிக்கைப் பலகைகளும் அப்படியே. பையன்கள் கொண்டுபோய்ப் பையில் வைத்துக்கொள்ளும்படி, சுவிட்சைத் திறப்பதில் இருந்து லைன் கிளியரைத் திரும்பக் கொடுப்பது வரைக்கும் உள்ள வரிசையைச் சின்னத் தமிழ்ப் புத்தகமாக அச்சிட்டுத் தர வேண்டும்.

காலமும் முக்கியம். காற்று வைகாசியில் ஏறிவிடும். அதற்கு முன்னால் மாசி, பங்குனியில்தான் பராமரிப்பு வேலை மும்முரமாக நடக்கும், விபத்தும் அப்போதுதான் கூடுதல். ஆகவே பொங்கல் கழிந்த கையோடு முதல் அணிக்குப் பயிற்சி தொடங்கினால் இந்த வருடமே பலன் தெரியும். பயிற்சி நாட்களுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டால் யாரும் வர மாட்டார்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீடுகள் இவை. அந்த நாட்களின் கூலியை ஒப்பந்தக்காரரே தர வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

நிபந்தனை இல்லாமல் பயிற்சி மட்டும் வந்தால் அது நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலிவாக ஆள் கிடைக்கும்போது, பயிற்சி பெற்றவனைத் தேடி எவரும் போக மாட்டார்கள். எனவே மாவட்டத்தில் விடப்படும் எச்.டி. மின்பணி ஒப்பந்தப்புள்ளிகளில், களப் பயிற்சிச் சான்று உள்ளவர்களையே மேலே ஏற்ற வேண்டும் என்ற வரியைச் சேர்க்கத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும், தனியார் காற்றாலை, சூரியமின் நிறுவனங்களுக்கும் தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறோம். சான்றை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். வேலை நடக்கும் இடங்களை மின் ஆய்வுத் துறை முன்னறிவிப்பு இல்லாமல் பார்வையிட்டு, எர்த் ராடு போட்டிருக்கிறதா என்பதை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.

இது தொடர்பாக மின் பகிர்மானக் கழகம், தொழிற்பயிற்சி நிலையம், மின் ஆய்வுத் துறை, ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறும், அதில் எங்களுக்கும் இடம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்துக்கு முன்பே பேட்டை வளாகத்தில் இடத்தைப் பார்த்து அளந்து, வரைபடம் போட்டுக் கொண்டுவர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர், வள்ளியூர்

இணைப்பு: தொழிலாளர்கள், குடும்பத்தார் கையொப்பத் தாள்கள், பயிற்சிக் களத்துக்குத் தேவையான பொருள்களின் பட்டியல்.

நகல்:
மேற்பார்வைப் பொறியாளர், திருநெல்வேலி மின் பகிர்மான வட்டம்
முதல்வர், அரசு தொழிற்பயிற்சி நிலையம், பேட்டை
மின் ஆய்வாளர், திருநெல்வேலி