பெற்றவளையும் பார், எய்யா

பாளையங்கோட்டை

எய்யா,

நீ சனிக்கிழமை அம்பாசமுத்திரம் போய் இறங்கும்போது வீடு நிறையப் பிள்ளை பார்க்க வந்த சனமாக இருக்கும். நீ முதலில் போய் பிள்ளை பெற்ற உன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார். பச்சை உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆம்பிளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பேறு முடிந்த கையோடு கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கி, பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். 'வயிறு இன்னும் வற்றலையே' என்று யாராவது சொன்னால் அவள் காதில் விழாமல் பேச்சை மாற்று. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது, பயப்பட வேண்டாம்.

உதிரம் முதல் மூன்று நாலு நாள் சிவப்பு, அப்புறம் பழுப்பு, பத்து நாளுக்கு மேல் வெளிர்மஞ்சள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் நின்றுவிடும். வெளுத்தது மறுபடி சிவந்தால் பெரும்பாலும் வேலை கூடிப்போச்சு என்று அர்த்தம், படுக்கச் சொல். ஆனால் ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, உடனே ஆஸ்பத்திரி. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். விடாத தலைவலியோடு கண் மங்கினால் பிரஷர். மாசமாக இருந்தபோது பிரஷர் இல்லாதவளுக்கும் பேறுக்குப் பிறகு வரும். 108-ஐக் கூப்பிடு, விடியட்டும் என்று இருக்காதே.

ஆச்சி கொடுக்கிற உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பூண்டுக் குழம்பு எல்லாம் நல்ல சாப்பாடு, தின்னட்டும். பச்சை உடம்புக்கு ஆகாது என்று தண்ணீரைக் குறைப்பார்கள், அதற்கு மட்டும் நீ விட்டுக்கொடுக்காதே. பாலுக்கும் வேர்வைக்கும் நீர் வேண்டும். முதல் வாரம் ராத்திரியில் துணி நனைய வேர்த்துக் கொட்டும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, தையல் போட்ட இடத்தில் உயிர் போகும், நீர்க்கடுப்பும் வரும். ஒவ்வொரு தரம் பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர் கையில் கொடு. கீரையும் பழமும் வேண்டும் என்று அத்தையிடம் பணிவாகச் சொல். வயிற்றை இறுக்கித் துணி கட்டினால் பாரம் கீழே இறங்கும். கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழிருந்து தாங்கும், ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசை இன்னும் தளரும், இருமினால் மூத்திரம் கசியும். அதற்கு மூத்திரத்தை அடக்குவதுபோல ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி விட்டு, பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை செய்யச் சொல். மூத்திரம் போகும்போது செய்யக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை 180 நாள். காப்பியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் பிடிக்காது, இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடு.

இனி மனசு. பேறு முடிந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்கிவிடும். தூக்கமும் கிடையாது. மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுவாள். 'ஏன் அழுத?' என்று குடையாதே. பால் குடித்து முடித்ததும் பிள்ளையை நீ வாங்கிக்கொள், இரண்டு மூன்று மணி நேரம் அவள் சேர்ந்தாற்போலத் தூங்கட்டும். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளை தூங்கும்போது தனக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, நான் நல்ல தாயில்லை என்றால் அது மனச்சோர்வு நோய். முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வீட்டில் திமிர் என்பார்கள், காத்துக் கருப்பு என்று கயிறு கட்டுவார்கள். கட்டினால் கட்டட்டும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அதனால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்து இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே. தொடர்ந்து தூங்காமல், இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளை மாறிப்போச்சு என்று சொன்னால் பிள்ளையைத் தனியே அவளிடம் விடாமல் அந்த நேரமே கிளம்பு.

மூன்று நாலு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். ஒரு வருஷத்தில் திரும்ப வந்துவிடும், எண்ணெய் எண்ணெயாக வாங்கிக் காசைக் கரைக்காதே.

ஆறாவது வாரம் டாக்டரிடம் நீயும் கூடப் போ. அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட வழியை அன்றே இரண்டு பேருமாகக் கேளுங்கள், மாதவிலக்கு வருமுன்னேயே கரு தரிக்கலாம். மாசமாக இருந்தபோது அவளுக்குச் சர்க்கரை இருந்ததல்லவா, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கிற பரிசோதனையும் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் கூட்டிப் போ.

அம்மா