வான்கதவு திறப்பதை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை பிடித்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் குறுக்கறுத்து ஓடும். அப்புறம் மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரைக்குப் போக உழவு இயந்திரம், அதுவும் ஏலாவிட்டால் தோணி. 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் மாணவர்கள் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட பிறகும் இதே பயணம்தான். சுனாமிக்குக் கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரம் இருக்கிறது. சரி, குளம் நிரம்பி, மிகைநீரை வெளியேற்றும் வான்கதவு திறக்கும்போது ஆற்றோர வயல்வாடியில் படுத்திருப்பவருக்கு யார் சொல்வது? முகநூலில் அறிவித்தல் வரும் நேரம் அங்கே கரண்டும் இராது, சிக்னலும் இராது. கோயில் ஒலிபெருக்கியில் சொல்லலாமே, காசா பணமா! பாலத்தடியில் நீர்மட்ட அளவுக்கம்பமும், மட்டம் தாண்டினால் வீதியை மறிக்க ஓர் ஆளும் ஐப்பசிக்கு முன்பே வேண்டும்.

வாசகர்,
கிரான்