சொற்பொழிவை முதலில் வையுங்கள்: முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கும், நம் மருத்துவக் கல்லூரியின் மறைந்த பேராசிரியர் பெயரிலான நினைவுச் சொற்பொழிவுக்கும் நானும் வந்திருந்தேன். இரவு பஸ்ஸில் வந்து, விடுதியில் குளித்துவிட்டு, பத்து மணிக்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக இப்படியே நடக்கிறது என்பதும் தெரியும். செயலாளருக்கு இரண்டு முறை தனிக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நினைவுச் சொற்பொழிவை அன்றைய முதல் நிகழ்ச்சியாக, தரைத்தளத்தில் உள்ள அரங்கில், முழுதாக ஒரு மணி நேரம் நடத்துங்கள்.

பேராசிரியரின் துணைவியாருக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். அழைப்பிதழில் பதினொன்றரை மணிக்குச் சொற்பொழிவு என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பி அவர் பதினொரு மணிக்கே ஆட்டோவில் வந்து இறங்கினார். அரங்கு இரண்டாவது மாடியில். லிப்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. போன ஆண்டு தொங்கிய அதே அட்டை. ஓரத்தில் இருந்த மைக்கறைகூட அப்படியே இருந்தது. நாற்பத்து நான்கு படிகள். எண்ணிச் சொல்கிறேன். படி ஏறும்போது முழங்காலில் உடல் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சுமை விழுகிறது, இறங்கும்போது அதைவிடக் கூடுதல் என்று நாம்தான் நோயாளிகளுக்குச் சொல்கிறோம். கடைசியில் இரண்டு பயிற்சி மருத்துவர்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியபடி அவர் மேலே போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன். நம்மில் பாதிப் பேருக்குத் தன் வீட்டில் சோறு போட்டவர் அவர். இந்தச் சொற்பொழிவுக்கான வைப்புநிதியும் கணவரின் ஓய்வூதியப் பணத்திலிருந்து அவர் எடுத்துக் கொடுத்ததுதான்.

மேலே போய் அவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பொதுக்குழு முடியவில்லை. சொற்பொழிவு தொடங்கியபோது மணி ஒன்று பத்து. சாப்பாட்டுப் பந்தி தயார் என்று யாரோ வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அரங்கில் பாதி காலியாயிற்று. சென்னையிலிருந்து வந்திருந்த சொற்பொழிவாளரிடம், பதினைந்து நிமிடங்களில் முடித்துக்கொள்ளுமாறு மேடையிலேயே சொல்லப்பட்டது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் நம் பேராசிரியருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தைப் பற்றிப் பேசினார். காசநோயாளியை மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அங்கே 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு மருத்துவமனையிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு போனது. அதன் பிறகு அவர் படவில்லைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போய், 'நன்றி' என்ற கடைசி வில்லையில் நின்றார்.

அந்த ஆய்வின் முடிவு என்ன என்று அவர் சொல்லவே இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். நெரிசலான குடிசைகளில், போதிய உணவோ ஓய்வோ இல்லாமல் மருந்து சாப்பிட்டவர்கள், மருத்துவமனையில் நல்ல உணவோடு படுத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகவே குணமடைந்தார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு ஏழை நாடுகளின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. நம் பேராசிரியர் காசநோய் வார்டிலிருந்து மருந்து வாங்கிப் போனவர்களின் வீட்டுக்கு மாலையில் சைக்கிளில் போய், மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். அவர் ஏன் அப்படிப் போனார் என்பதற்கான விடை அந்தத் தாண்டப்பட்ட வில்லைகளில்தான் இருந்தது. இன்றும் காசநோயால் நம் வார்டுகள் நிரம்புகின்றன. இளையவர்கள் இதைக் கேட்க வேண்டாமா?

ரத்த ஓட்டத்தை 1628இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன வில்லியம் ஹார்வி, 1656இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரிக்குத் தன் நிலத்தை எழுதிவைத்தார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும். கொடையளித்தவர்களை அதில் நினைவுகூர வேண்டும். இயற்கையின் இரகசியங்களைச் சோதனை வழியே தேடும்படி உறுப்பினர்களைத் தூண்ட வேண்டும். தங்களுக்குள் அன்போடு இருக்கவும் சொல்ல வேண்டும் என்று விதித்தார். அது இன்றும் அவர் பெயரால் நடக்கிறது. பேராசிரியரின் துணைவியாரான நம் அம்மாவும் வைப்புநிதிப் பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: மாணவர்கள் கேட்கும்படியாக நடத்த வேண்டும் என்று. பத்திரம் உங்கள் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

பொதுக்குழு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் நம்முடையது. ஆண்டுக் கூட்டம் கூட்டத்தான் வேண்டும், கணக்கை வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் கணக்குக்குப் பத்து நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. இருபத்து மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையில் யார் எங்கே உட்கார்வது என்று இரண்டு முறை தகராறு நடந்தது. உறுப்பினர் பட்டியலைத் திருத்துங்கள் என்று ஒருவர் எழுந்தபோது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று உட்காரவைத்தீர்கள். சென்ற மார்கழியில் இறந்துபோன என் வகுப்புத் தோழனின் பெயருக்கு இந்த ஆண்டும் அழைப்பிதழ் போயிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என்னால் பதில் பேச முடியவில்லை.

கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். லிப்டைச் சரிசெய்வது சங்கத்தின் கையில் இல்லை, பொதுப்பணித் துறையின் வேலை என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி. ஆனால் தரைத்தளத்தில் உடற்கூறியல் துறையின் விரிவுரை அரங்கு இருக்கிறது. அதற்குச் சாய்தளமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினால் திறந்து கொடுப்பார். மின்விசிறிகள் பழையவை, இடம் சற்று நெருக்கம்தான். நாம் ஐந்தாண்டுகள் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவை மறுபடியும் அதே நாற்காலியில் கீழே இறக்கினார்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெண் முழுவதும் பேசினாளா? நடுவில் நிறுத்தியதுபோல் இருந்ததே" என்று கேட்டார். முழுவதும் பேசினார் என்று பொய் சொல்லி அனுப்பிவைத்தேன். அடுத்த ஆண்டும் அவரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு தீர்மானம் போடுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சொற்பொழிவு முதலில், தரைத்தளத்தில், முழு ஒரு மணி நேரம். இந்த ஆண்டுச் சொற்பொழிவாளரையே மீண்டும் அழைத்து, விட்ட இடத்திலிருந்து பேசச் சொல்ல முடியுமானால் அவருடைய பயணச் செலவை எங்கள் வகுப்பினர் ஏற்றுக்கொள்கிறோம். அரங்கைத் திறந்து நாற்காலிகளைத் துடைத்து வைக்க முந்தைய நாளே நான் வந்துவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
1984ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த ஆயுள் உறுப்பினர்