நொய்யலுக்கு ஒரு தேதி

சிங்கப்பூர்,
ஆனிக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் பேசியபோது குக்கர் சத்தத்தில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை. "அங்கே சனங்களுக்கு ஒரு குறையும் இருக்காதாட்டிருக்கு, என்னத்தைத்தான் நாயம் பேசுவாங்க?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குறை நிறைய இருக்கிறதுங்க அப்பா. பொழுதோடு எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் நம் வீதித் திண்ணை மாதிரியேதான். கார் பேச்சை எடுத்தால் முடியாது. இங்கே ஒரு காரை 10 வருடம் வைத்துக்கொள்ள முதலில் ஓர் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுவே சில சமயம் 1 லட்சம் வெள்ளியைத் (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிடுகிறது, காரின் விலை தனி. அப்புறம் வீட்டு வாடகை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பரீட்சை, அதற்கு டியூஷன். தண்ணீருக்கும் 2025 ஏப்ரலில் விலை ஏற்றினார்கள், ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி 24 காசு. ஆனால் நாள் முழுக்க வருகிறது. நம் கோயம்புத்தூர்ச் சிறுவாணித் தண்ணீரின் ருசி இல்லை, அவ்வளவுதான். அம்மா இங்கு வந்திருந்தபோது நடுராத்திரியில் எழுந்து போய்க் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்த கை அது.

பக்கத்து வீட்டில் ஒரு சீனத் தாத்தா, எண்பதைத் தொட்டவர். அவர் சமையலறைக் கூரையில் தண்ணீர் சொட்டியது. மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்கவே இல்லை. தாத்தாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, எழுத வராது. நான்தான் அவரை மக்கள் சந்திப்புக்குக் கூட்டிப் போனேன். வாரத்தில் ஒரு ராத்திரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து உட்காருகிறார். பிளாஸ்டிக் நாற்காலிகள், கையில் ஒரு எண் சீட்டு. காலேஜ் படிக்கும் வயதில் ஒரு பையன், சம்பளமில்லாத தொண்டு, தாத்தா சொல்வதை மனுவாக அடித்து வாசித்துக் காட்டினான். தாத்தா தலையை ஆட்டி, "அடுப்பு மேலே இல்லை, அரிசிப் பாத்திரம் வைக்கிற மூலை" என்று திருத்தச் சொன்னார். அவன் திருத்தினான். உறுப்பினர் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது, இன்ன தேதியில் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று. அதற்கப்புறமும் மேல்வீட்டுக்காரர் சண்டை பிடித்தார், முடிய மூன்று மாதம் ஆனது. ஆனாலும் முடிந்தது.

அந்தப் பதிலில் தேதியைப் பார்த்ததும் உங்கள் இரும்புப் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது. நம் வீதிச் சாக்கடை வழிந்து குளத்தில் சேருவதைப் பற்றி நீங்கள் எழுதிய மனுக்களின் நகல் எல்லாம் நூல் கோத்து அதில் இருக்கின்றன. வந்த பதில்களில் மனு எண் இருக்கிறது. எந்த நாளுக்குள் என்று ஒன்றில்கூட இல்லை.

தாத்தா சின்ன வயதில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். கரையில் இறங்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படி நாறிய ஆறு என்கிறார். 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோரக் கடைகள் எல்லாம் இடம் மாறின. 1983இல் படகுகளையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1987இல் வேலை முடிந்தது. 2008இல் ஆறு கடலில் சேரும் இடத்தில் தடுப்பணை கட்டி அதை நல்ல தண்ணீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள், இன்று குடிதண்ணீருக்கு அதுவும் உதவுகிறது. தாத்தாவின் பிழைப்பு அதில் போனது. அந்தக் கரையில் நடக்கும்போது இன்றும் கொஞ்ச நேரம் பேசாமல் வருகிறார். அந்த வலியைச் சேர்த்துத்தான் நான் அந்த ஆற்றைப் பார்க்கிறேன்.

நம் நொய்யல் ஆறும் வெள்ளியங்கிரி மலையிலிருந்து பளிங்கு மாதிரி இறங்குகிறது. பேரூர் படித்துறையில் நீங்கள் முங்கிக் குளித்த கதையைக் கேட்டு வளர்ந்த நான், அதே படித்துறையில் அப்பாருக்குத் திதி கொடுத்த அன்று பாட்டில் தண்ணீர் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டேன். நம்மவர்களால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டிய ஊர் நம் ஊர். அதே நொய்யலில் பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும்படி ஆனது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையைத் திருப்பூர் உருப்படியாகக் கைக்கொண்டது. சிங்கப்பூர் ஆற்றுக்கு வைத்த மாதிரி ஒரு கெடுவை நம் ஊர்ச் சாக்கடைக்கும் யாராவது வைக்க வேண்டும்.

இதோடு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வரியைக் கவனமாகப் படியுங்கள்: "எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்." வீதியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பேரூர் போனால் படித்துறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தாத்தா பார்க்க வேண்டும் என்றார்.

பணம் 5ஆம் தேதி வந்து சேரும். அம்மாவை வெயிலில் நடக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மிணி