மச்சானுக்கு, இரண்டாவது தவணையைப் பற்றி

மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலாம். டெய்லர் அக்கா இன்னும் உன்னைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடுகிறார்களா? இரு, அதைப் பிறகு பேசலாம். நம்ம மன்றம் நடத்தும் டியூஷனுக்குப் பணம் கேட்டு அறக்கட்டளைக்கு நீ எழுதின விண்ணப்பம் வந்தது. அவசரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது லேப்டாப்பா கேட்பாய்? கொருக்குப்பேட்டையில் தரைத்தள ரூமில், ஐப்பசி மழையில் தண்ணீர் எந்த மூலையில் ஏறும் என்று உனக்குத் தெரியாதா? பொருள் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம்: ஒரு பில், ஒரு போட்டோ, கணக்கு முடிந்தது. நோட்டும் பையும் சீக்கிரம் கிடைப்பது அதனால்தான். ஆனால் நம்ம டியூஷன் நடப்பது தினமும் ஆறு மணிக்கு வந்து உட்காரும் இரண்டு டீச்சரம்மாவால். அவர்கள் சம்பளத்தை "இதர செலவு" என்று கடைசி வரியில் ஒளித்துவைத்திருக்கிறாய். அதை மேலே கொண்டுவா. வாடகை 6,000, டீச்சர்களுக்குத் தலா 5,000, கரண்ட் 1,000, சாக்பீஸ், பேப்பர், தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 1,000. மாதம் 18,000, வருடத்துக்கு 2,16,000. ஆடிட்டர் கட்டணத்தை மறக்காமல் தனியாகப் போடு. செலவுச் சான்றிதழ் அவர்தான் தரவேண்டும், அந்தக் கட்டணத்தைப் பின்னால் போய்க் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். வீட்டு அட்வான்ஸைச் சேர்க்காதே. திரும்பி வரும் பணம் செலவாகாது என்பார்கள்.

பணம் அனுப்ப, மன்றத்துப் பணத்தை வைத்திருக்கும் கேப்டனின் சொந்த ஜிபே நம்பரைக் கொடுத்திருக்கிறாயே! அந்த வரியிலேயே ஃபைலை மூடிவிடுவார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மன்றத்தைப் பதிவு செய்யலாம். அப்புறம் மன்றத்தின் பேரில் பான், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் பேங்க் கணக்கு. வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கு தாக்கல் செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்கு. மணலி, எண்ணூர் கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் இப்போதைக்கு எட்டாது. அதை வாங்கும் அமைப்புக்கு வருமான வரித்துறையில் வரிவிலக்குப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்பார்கள்), சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிந்து பெறும் சிஎஸ்ஆர்-1 எண், அதே வேலையில் மூன்று வருட அனுபவம் எல்லாம் வேண்டும்.

இந்த வருடத்துக்கு ஒரு வழி உண்டு. டியூஷனை அறக்கட்டளை தன் சொந்தத் திட்டமாகவே எடுத்துக்கொள்ளட்டும். வாடகை வீட்டுக்காரர் கணக்குக்கும் சம்பளம் டீச்சர்கள் கணக்குக்கும் நேராகப் போகட்டும். பிள்ளைகளைச் சேர்ப்பதும் நடத்துவதும் மன்றத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்கும் இதில் வசதி இருக்கிறது. 2023-24 முதல், பதிவான ஒரு அறக்கட்டளை இன்னொரு பதிவான அறக்கட்டளைக்கு 100 ரூபாய் நன்கொடை கொடுத்தால் வரிக் கணக்கில் 85 ரூபாய்தான் செலவாகச் சேரும். தானே செலவு செய்தால் முழுதும் சேரும். வெளிநாட்டிலிருந்து வந்த பணமென்றால் இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவே முடியாது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் அதை அடைத்துவிட்டது. ரொக்கம் மட்டும் வேண்டாம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகப் போனால் அவர்கள் கணக்கில் செலவாக நிற்காது.

அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், பதிவு செய்துவிட்டு 50, 40, 10 சதவீதம் என்று தவணையில்தான் வாங்கவேண்டும். எனக்குப் பயமே அங்கேதான். ஜூனில் தொடங்கினால் முதல் பாதி நவம்பரோடு தீர்ந்துபோகும். அப்போதுதான் நீ அறிக்கை எழுத உட்காருவாய், உன்னைத் தெரியாதா! பிறகு ஆடிட்டர், பிறகு அவர்கள் நேரில் வந்து பார்ப்பது, பிறகு அறங்காவலர் கூட்டம். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிற இடங்கள் உண்டு. பணம் வர பிப்ரவரி ஆகிவிடும். டிசம்பர், ஜனவரி சம்பளம்? டீச்சர்களுக்கும் வீடு இருக்கிறது, ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பத்தாவது பிள்ளைகள் பொதுத்தேர்வு நேரத்தில் டீச்சர் இல்லாமல் நிற்பார்கள். பணம் கொடுக்கிறேன் என்று கையெழுத்தான பிறகும் ஒரு மன்றம் இப்படி மூடிப்போகும்டா.

அதனால், முதல் தவணையில் எழுபது சதவீதம் செலவானதுமே இரண்டாவது தவணைக்குக் கணக்கு அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல். 1,08,000-இல் அது 75,600. அக்டோபர் முதல் வாரத்திலேயே தொட்டுவிடுவாய். அறங்காவலர் கூட்டத் தேதிகளை இப்போதே கேட்டுக் குறித்துக்கொள். கடைசிப் பத்து சதவீதம், அதாவது 21,600, வேலை முடிந்த பிறகுதான் வரும், அதுவரை மன்றம்தான் கையிலிருந்து போடவேண்டும். காசிமேட்டில் நம்ம ஆட்கள் பத்துப் பேர் மாதம் 500 கொடுத்தால் ஐந்து மாதத்தில் 25,000. ரசீதுப் புத்தகம் அடித்துவிடு.

ரோட்டரியில் கேட்பதானால் ஜூலையிலேயே போ. அவர்களுக்கு வருடம் ஜூலை 1-இல் பிறக்கிறது, தலைவரும் மாறுவார். ஃபேன், பெஞ்ச், வயரிங் என்று ஒரே தடவையில் முடிகிற வேலையாகக் கேள்.

மெஷினில் வரும் பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும், வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்திவை. வாடகை 5,000க்கு மேல், அதனால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். ஃபைல் டெய்லர் அக்கா வீட்டு மாடியில் இருக்கட்டும், தண்ணீர் ஏறாது.

திருத்தி எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. கேப்டனிடம் நீ எதுவும் சொல்லாதே. இத்தனை வருடம் மன்றத்துப் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருந்தவர், கணக்கு அவர் கையை விட்டுப் போகிறது என்றால் மனசு வருத்தப்படும். நானே வந்து பேசுகிறேன்.

உன்
மச்சான்